குற்றம் நிரலிலா, கருனியிலா?

கணினி அறிவியலும் மின்னணுப் பொறியியலும் பயிலும் நம் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது உச்சரித்திருக்கக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு. "டிரைவர் ரோசாக் லா!" சாதனத்தை இணைக்கிறோம், நிரலை ஓட்டுகிறோம், ஒன்றும் வரவில்லை. உடனே தீர்ப்பு. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. நிரல் எழுதியவர் இயக்கியைக் குறை கூறுவார். இயக்கி எழுதியவர் நிரலைக் குறை கூறுவார். இருவரும் ஒத்துப்போகிற ஒரே இடம், கம்பியைக் குறை கூறுவது.

பயனர் நிரலுக்கும் சாதன இயக்கிக்கும் இடையே கோளாறு தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம், அவை இரண்டும் பேசிக்கொள்ளும் எல்லை. அங்கே பார்ப்பதற்கு நம் மாணவர்கள் பழக்கப்படுத்தப்படவில்லை என்பது என் குற்றச்சாட்டு. பார்க்கத் தெரியாததால்தான் ஊகிக்கிறோம். ஊகம் நம் பருவங்களையும் பணத்தையும் தின்கிறது.

வேறு துறை நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். கணினியின் நினைவகத்தையும் சாதனங்களையும் நேரடியாகத் தொடும் உரிமை கருனி எனப்படும் மையப் பகுதிக்கு மட்டுமே உண்டு. (பேச்சில் நாம் எல்லாரும் 'கர்னல்' என்றுதான் சொல்கிறோம். எழுத்திலாவது 'கருனி' இருக்கட்டும்.) நாம் எழுதும் சாதாரண நிரல் கேமராவையோ உணரியையோ தானாகத் தொட முடியாது, கருனியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்க அலுவலகக் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு இப்புறம் நாம், அப்புறம் அதிகாரி. நடுவில் பாரம் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். உள்ளே போய்க் கோப்பைத் தேடிவரும் அதிகாரிதான் சாதன இயக்கி. ஆனால் இந்தக் கவுண்டரில் அதிகாரி வாய் திறந்து காரணம் சொல்ல மாட்டார். ஓர் எண்ணை மட்டும் எழுதி நீட்டுவார்.

லினக்ஸில் இந்தத் துவாரத்தின் வழியே போகும் விண்ணப்பங்கள் சில வகைதான். 'ஓப்பன்' என்றால் சாதனத்தைத் திற. 'ரீட்', 'ரைட்' என்றால் தரவை எடு, தரவைக் கொடு. இவற்றில் அடங்காத எல்லாவற்றுக்கும் ஐஓ-கண்ட்ரோல் என்றொரு பொது அழைப்பு உண்டு. கேமராவின் வெளிச்சத்தைக் கூட்டு, உணரியின் வேகத்தை மாற்று என்பன போன்ற கட்டளைகள் அதன் வழியாகப் போகின்றன. கட்டளை என்பது வெறும் 32 பிட் எண். பெரும்பாலான கணினிகளில் அந்த எண்ணுக்குள் 8 பிட் இயக்கியின் அடையாளம், 8 பிட் கட்டளையின் வரிசை எண், 14 பிட் கூடவே போகும் தரவுப் பொட்டலத்தின் அளவு, 2 பிட் தரவு எத்திசையில் போகிறது என்பது. அந்த 14 பிட்டை நினைவில் வையுங்கள். வம்பு அங்கேதான் வரப்போகிறது.

பதிலும் எண்தான். வேலை நடந்தால் சுழியமோ அதற்கு மேலோ வரும். நடக்காவிட்டால் கருனி எதிர்ம எண் ஒன்றைத் திருப்பும். சி மொழியின் நூலகம் அதை -1 ஆக்கிவிட்டு, உண்மைக் காரணத்தை 'எர்நோ' என்ற தனிப் பெட்டியில் போட்டு வைக்கும். 13 என்றால் அனுமதி இல்லை. 16 என்றால் சாதனம் வேறு வேலையில் இருக்கிறது. 22 என்றால் நீ கொடுத்த மதிப்பு செல்லாது. 25 என்றால் இந்தச் சாதனத்துக்கு இப்படியொரு கட்டளை கிடையாது. பெட்டியை உடனே திறந்து பார்க்க வேண்டும். இடையில் வேறொரு அழைப்பு நடந்து அதுவும் தோற்றால் பழைய காரணம் அழிந்துவிடும். "பிழை நேர்ந்தது" என்று திரையில் அச்சிட்ட பிறகு எர்நோவைத் தேடும் நிரல்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன்!

இப்போது ஓர் உண்மைச் சம்பவம். என் வகுப்புத் தோழர்கள் மூவர் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு ராஸ்பெர்ரி பை பலகையில் ஓர் உணரியை இணைத்தார்கள். கருனிக்கான இயக்கியை விற்பனையாளரே தொகுத்துத் தந்திருந்தார், மூல நிரலும் கூடவே வந்தது. மாதிரி நிரல் ஒன்றையும் கொடுத்திருந்தார். மாதிரி நிரலைத் தொகுத்து ஓட்டினால் "டிவைஸ் எரர்" என்று ஒரே வரி. கம்பியை மாற்றினார்கள். மின்சாரம் போதவில்லையோ என்று வேறு மின்னூட்டி வாங்கினார்கள். உணரியே பழுது என்று முடிவுகட்டி 240 ரிங்கிட்டுக்கு இன்னொன்றைத் தருவித்தார்கள். அதுவும் "டிவைஸ் எரர்" என்றது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டபோது பத்துக் காரணங்களை அடுக்கியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. கையில் இருந்த சான்று இரண்டே சொற்கள். இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் பத்து நோய்களைச் சொல்லத்தான் செய்வார். இரண்டு வாரம் போயிற்று.

பிறகு ஒரு மாலை விடுதி அறையில் நால்வரும் உட்கார்ந்து 'எஸ்டிரேஸ்' கருவியை ஓட்டினோம். நிரலுக்கும் கருனிக்கும் இடையே போய்வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பதிலையும் வரிசையாக எழுதிக் காட்டும் ஒற்றன் அது. பால் கிரானென்பர்க் என்பவர் 1991-இல் சன் ஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதினார். பிராங்கோ லாங்கெஸ்டர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கும் கருவி. ஆனால் அந்த மூவரும் அன்றுதான் அதன் பெயரைக் கேட்டார்கள், மூன்றரை ஆண்டுப் படிப்புக்குப் பிறகு!

எஸ்டிரேஸ் காட்டியது இதுதான். ஓப்பன் வெற்றி. ஆக, சாதனம் இருக்கிறது, இயக்கி ஏறியிருக்கிறது, அனுமதியும் இருக்கிறது. கம்பி பற்றிய சந்தேகங்களில் பாதி அந்த ஒரு வரியிலேயே விழுந்துவிட்டது. அடுத்த வரியில் ஐஓ-கண்ட்ரோல் தோல்வி, எண் 25. 'டிவைஸ் எரர்' என்று மாதிரி நிரல் மொழிபெயர்த்தது இதைத்தான். கருனி "இந்தக் கட்டளையை நான் அறியேன்" என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இடையில் நின்ற நிரல் அதை விழுங்கிவிட்டு "சாதனம் கெட்டது" என்று கதை கட்டியது.

ஏன் அறியவில்லை? அதே வரியில் கட்டளை எண்ணைப் பிரித்தும் காட்டியிருந்தது எஸ்டிரேஸ். பொட்டலத்தின் அளவு 8 பைட். இயக்கியின் தலைப்புக் கோப்பைப் பார்த்தோம். பொட்டலத்தில் ஓர் 'இண்ட்', ஒரு 'லாங்'. 32 பிட் உலகில் இரண்டும் நான்கு நான்கு பைட்; கூட்டினால் 8. 64 பிட் லினக்ஸில் 'லாங்' 8 பைட்; அதை எட்டின் எல்லையில் வைக்க வேண்டும் என்பதால் 'இண்ட்'டுக்குப் பின்னால் 4 பைட் வெற்றிடம் விழும்; மொத்தம் 16. பலகையில் ஓடிய கருனி 64 பிட், இயக்கியும் 64 பிட். ஆனால் இயங்குதளத்தின் மற்ற பகுதிகளும் நம் நிரலும் 32 பிட். இப்படிக் கலந்து ஓடுவது ராஸ்பெர்ரி பையில் அபூர்வமன்று. அளவு மாறினால் அந்த 14 பிட் மாறும். 14 பிட் மாறினால் கட்டளை எண்ணே மாறும். ஒரே தலைப்புக் கோப்பு, ஒரே பெயர், இரண்டு வேறு எண்கள். 32 பிட் நிரல்களுக்கென்று இயக்கி தனி வாசல் ஒன்றைத் திறந்துவைக்க முடியும். விற்பனையாளர் அந்த வாசலைத் திறந்துமிருந்தார். ஆனால் அங்கேயும் 64 பிட் கட்டளைப் பட்டியலையே மாட்டி வைத்திருந்தார்.

64 பிட் இயங்குதளத்தை நிறுவி நிரலைத் தொகுத்ததும் உணரி பேசியது. இரண்டாவது உணரி இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. நிரந்தரத் தீர்வு வேறு. எல்லையைக் கடக்கும் பொட்டலத்தில் 'லாங்' போன்ற இடத்துக்கு இடம் வளரும் வகைகளை வைக்கவே கூடாது. 32 பிட், 64 பிட் என்று அளவை வெளிப்படையாக எழுத வேண்டும். வெற்றிடத்தையும் பெயரிட்டு நிரப்ப வேண்டும். லினக்ஸ் கருனியின் ஆவணங்களே இதைத்தான் சொல்கின்றன. விற்பனையாளருக்கும் எழுதினோம். 64 பிட் பயன்படுத்துமாறு ஒரு வரி பதில் வந்தது.

இந்த வழு ஒரு வகையில் நல்ல வழு. 'தெரியாது' என்றாவது கருனி நேர்மையாகச் சொன்னது. பொய் சொல்லும் இயக்கிகள் உண்டு, அவைதாம் ஆபத்தானவை. கருனியிலிருந்து பயனர் நினைவகத்துக்குத் தரவை நகலெடுக்க 'காப்பி டு யூசர்' என்றொரு செயற்கூறு இருக்கிறது. அது திருப்பித் தருவது நகலெடுக்க முடியாமல் மீந்த பைட்டுகளின் எண்ணிக்கையை. முழு வெற்றி என்றால் சுழியம். பத்துப் பைட் மீந்தால் 10. இயக்கி எழுதுபவர் அதைப் பார்த்து, மீதம் இருந்தால் 'முகவரி தவறு' என்ற பிழை எண் 14-ஐ எதிர்மமாக்கித் திருப்ப வேண்டும். அவசரத்தில் அந்த எண்ணிக்கையையே அப்படியே திருப்பிவிட்டால்? நிரலுக்கு 10 என்ற நேர்ம எண் வரும். நிரல் எதிர்ம எண்ணைத்தான் தோல்வி என்று பார்க்கும். ஆகவே எல்லாம் நலம் என்று எண்ணி, நிரம்பாத பொட்டலத்தில் கிடக்கும் குப்பையை வெப்பநிலை என்றும் இரத்த அழுத்தம் என்றும் திரையில் காட்டும். தோல்வி வெற்றியாக வேடமிட்டு வருகிறது. இதை நிரல் பக்கம் மட்டும் பார்த்து எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

கருனிக்குள் மட்டும் புழங்க வேண்டிய எண்கள் வெளியே கசிவதும் நடக்கும். 512, 524 ஆகியவை அப்படிப்பட்டவை. கசிந்தால் திரையில் 'அன்னோன் எரர் 524' என்று வரும். அதைக் கண்டால் உங்கள் நிரலை நோண்டுவதை நிறுத்திவிட்டு இயக்கியின் மூலத்தைத் திறக்கலாம். இந்த ஓர் எண்ணில் மட்டும் 'டிரைவர் ரோசாக்' என்ற தீர்ப்பை விசாரணையின்றி வழங்க நான் அனுமதிக்கிறேன்.

பதிலே வராமல் போவதும் உண்டு. நிரல் உறைந்துவிடும், 'கில் மைனஸ் 9' கொடுத்தாலும் சாகாது. நிலைப் பட்டியலில் 'டி' என்ற எழுத்து நிற்கும். குறுக்கிட முடியாத உறக்கம் என்று அதற்குப் பொருள். இயக்கி எதற்கோ காத்திருக்கிறது. அப்போது எஸ்டிரேஸ் கடைசி வரியைப் பாதியில் நிறுத்திக் காட்டும், அவ்வளவுதான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். 'புராக்' அடைவில் அந்தச் செயல்முறையின் 'ஸ்டாக்' கோப்பைத் திறந்தால் கருனியின் எந்தச் செயற்கூற்றில் உறங்குகிறது என்று தெரியும். கருனியின் நாட்குறிப்பான 'டி-மெசேஜ்' பட்டியலிலும், 120 வினாடிக்கு மேல் முடங்கியிருப்பதாக எச்சரிக்கை வந்திருக்கலாம்.

இயக்கிப் பக்கம் பெரும்பாலோர் செய்வது 'பிரிண்ட்-கே' வரிகளைத் தூவுவது. நானும் தூவுவேன். ஆனால் நேரத்தைப் பொறுத்துத் தோன்றும் வழுக்களில் அது ஏமாற்றும். அச்சிடும் தாமதமே இரண்டு இழைகளின் மோதலைத் தள்ளிப்போட்டு வழுவை மறைத்துவிடும். வரியை நீக்கினால் வழு திரும்பி வரும். அத்தகைய இடங்களுக்கு 'எஃப்டிரேஸ்' பொருத்தம். ஸ்டீவன் ராஸ்டெட் உருவாக்கியது. 2008-இல் வெளிவந்த 2.6.27 பதிப்பிலிருந்து கருனியிலேயே இருக்கிறது. நினைவகத்தில் குறித்துக்கொண்டு பிறகு காட்டுவதால் தாமதம் குறைவு. எஸ்டிரேஸும் நிரலை மெதுவாக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, எல்லையில் தகராறு என்றால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் புகழ்பெற்ற பதில் ஒன்று உண்டு. 2012 டிசம்பரில், ஊடகச் சாதனங்களின் இயக்கி ஒன்று ஐஓ-கண்ட்ரோல் அழைப்புக்கு 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்ற பிழை எண்ணைத் திருப்பத் தொடங்கியது. அதனால் 'பல்ஸ்ஆடியோ' ஒலி மென்பொருள் தடுமாறியது. அந்தப் பகுதியின் பராமரிப்பாளர், குறை பயனர் நிரலில்தான் என்று வாதிட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்து எழுந்தார். ஒரு மாற்றத்தால் பயனர் நிரல்கள் முறிந்தால் குற்றம் கருனியுடையது, பயனர்மேல் பழிபோடக் கூடாது, கோப்பைத் தேடாத அழைப்புக்குக் 'கோப்பு இல்லை' என்று பதில் சொல்வது முறையே அல்ல என்பது அவர் வாதம். அவர் பயன்படுத்திய சொற்களை இம்மலரில் அச்சிட முடியாது. 2018-இல் தம் பேச்சு முறைக்கு அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகியும் இருந்தார்.

அவர் நாவை நான் ஏற்கவில்லை. தீர்ப்பை முழுமையாக ஏற்கிறேன். கண்ணாடிக்கு அப்புறம் இருப்பவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது. உண்மைக் காரணமும் அவருக்குத்தான் தெரியும். இப்புறம் நிற்பவருக்கு வருவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைச் சரியாகச் சொல்லும் கடமை அதிகாரம் உள்ளவருக்கே உரியது. வந்த எண்ணை மறைக்காமல் பயனருக்குக் காட்டுவது நிரலாளர் கடமை. என் தோழர்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது கடமையும் தவறியது.

"நான் இணையச் செயலி எழுதுகிறவன், எனக்கெதற்கு இயக்கி?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: உங்கள் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் செயலிகளும் அமைப்புச் சேவைகளும் பேசிக்கொள்வதே 'பைண்டர்' என்ற கருனி இயக்கியின் வழியாக, ஐஓ-கண்ட்ரோல் அழைப்புகளால்தான். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நண்பர்கள், வரைகலைச் செயலியின் நூலகம் புதுப்பிக்கப்பட்டு கருனிப் பகுதி பழையதாகவே இருப்பதால் வரும் 'பதிப்பு பொருந்தவில்லை' என்ற செய்தியைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே எல்லைத் தகராறுதான். பெரும்பாலும் கணினியை மறுபடி தொடக்கினால் தீரும். ஏன் தீர்கிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எல்லைத் தாண்டி வரும் தரவை நம்பினால் என்னவாகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பகுதி விண்டோஸ் கருனிக்குள் ஓடுகிறது. அன்று வந்த புதுப்பிப்புக் கோப்பு 21-ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது. உள்ளே இருந்த பகுதிக்குக் கிடைத்ததோ 20 உள்ளீடுகள். இல்லாத ஒன்றைப் படிக்கப்போய்க் கருனியே விழுந்தது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. 8-க்கும் 16-க்கும் இடையில் என் தோழர்கள் இழந்தது இரண்டு வாரம். 20-க்கும் 21-க்கும் இடையில் உலகம் இழந்தது விமானப் பயணங்களையும் மருத்துவமனைச் சேவைகளையும்.

நம் பாடத்திட்டத்துக்கு வருவோம். இயங்குதளப் பாடத்தில் பயனர் நிலைக்கும் கருனி நிலைக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் எழுதிப் புள்ளிகளும் பெறுகிறோம். ஆனால் அந்த எல்லையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. முதலாண்டிலேயே ஒரு வாரப் பயிற்சி போதும். ஒரு கோப்பைத் திறந்து படிக்கும் பத்து வரி நிரல், அதன்மேல் எஸ்டிரேஸ், பிறகு வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஐந்து நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எண்ணோடு எழுது. செலவு ஏதுமில்லை; எல்லாம் இலவசக் கருவிகள். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் இன்டெல் இருக்கிறது. சுற்றிலும் எத்தனையோ தொழிற்சாலைகள். தொழிற்பயிற்சிக்கு அங்குப் போகும் நம்மவர்கள் முதல் வாரத்தில் சந்திப்பது இந்த எல்லையைத்தான். நம் கழக முன்னாள் மாணவர்களில் அங்குப் பணியாற்றும் அண்ணன்மார், அக்காமார் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி இதை நடத்தித் தந்தால் பாடத்திட்டம் மாறும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டறை தமிழில் நடக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்தவன். பல்கலைக்கழகத்தில் துறைப்பாடம் எதையும் தமிழில் படித்ததில்லை. ஆனால் முதலாண்டுத் தம்பி ஒருவனுக்கு வழுவைத் தமிழில் விளக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். 'டிரைவர் ஃபெயில்' என்று தமிழில் சொல்லி முடித்துவிட முடிவதில்லை. யார், யாரிடம், எதைக் கேட்டது, என்ன பதில் வந்தது என்று வாக்கியம் கேட்கிறது. அந்த நான்கும்தான் எஸ்டிரேஸின் ஒவ்வொரு வரியிலும் இருப்பவை.

லினக்ஸின் பிழை எண் பட்டியல் 133 வரை போகிறது. அடிக்கடி வரும் முப்பதைத் தமிழாக்கி, ஒவ்வொன்றுக்கும் எங்கே தேடுவது என்று இரண்டு வரி எழுதிக் கையேடாக்கும் வேலையை நாங்கள் நால்வர் தொடங்கியிருக்கிறோம். பன்னிரண்டு முடிந்திருக்கின்றன. 25-க்குத்தான் இன்னும் சரியான தமிழ் அமையவில்லை. அதன் பழைய ஆங்கிலச் செய்தி 'இது தட்டச்சுப்பொறி அன்று' என்பது. முனையங்கள் தட்டச்சுப்பொறிகளாக இருந்த காலத்து எச்சம். 'இந்தச் சாதனம் அறியாத கட்டளை' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம். இதைவிடச் சிறியது தோன்றினால் கழக அறையில் சொல்லிவிட்டுப் போங்கள்.